கை உடைத்த கைப்பிடிக்கு விடை கொடுத்தவர்!

இப்போது வருகிற பல கார்களில், சாவியைத் துளையில் நுழைத்துத் திருப்புகிற வேலையே கிடையாது. சாவி, அப்பாவின் சட்டைப் பையிலோ, அம்மாவின் கைப்பையிலோ இருந்தால் போதும். பிரேக்கை மிதித்துக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்தினால், இன்ஜின் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிடும்.

ஆனால், சில நாள் காலையில் அந்தக் கார் முரண்டு பிடிக்கும். பொத்தானை அழுத்தினால் டக்... டக்... டக் என்று சத்தம் மட்டும் வரும். இன்ஜின் அசையாது. பள்ளிக்கு நேரமாகிவிட்டதே என்று நீங்கள் தவிப்பீர்கள். மெக்கானிக் வந்து பானெட்டைத் திறப்பார். முதலில் பேட்டரியைப் பார்ப்பார். பிறகு ஒயர்களை ஆட்டிப் பார்ப்பார். அதன் பிறகு ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் போவார்.

அவர் தேடிப் பார்க்கிற பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், தீப்பொறி தரும் காயில், விளக்குகள் ஆகிய எல்லாவற்றையும் ஒரே மின் குடும்பமாகக் காருக்குள் சேர்த்து வைத்த மனிதர் ஒருவர் இருக்கிறார். இத்தனைக்கும் அவர், புத்தகத்தைத் திறந்தாலே தலைவலி வந்து துடித்தவர். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, தெருத்தெருவாகக் கம்பம் நட்டவர். அவர் பெயர், சார்லஸ் கெட்டரிங். அவரது கதையைத்தான் இந்த வாரம் படிக்கப் போகிறீர்கள்.

கண் வலித்த சிறுவன்

அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில் லூடன்வில் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில், 1876-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் தேதி பிறந்தார் கெட்டரிங். மாடு மேய்ப்பது, வயலில் உதவுவது, பள்ளிக்கு நடந்து போவது என்று மற்ற கிராமத்துப் பிள்ளைகளைப் போலத்தான் அவரும் வளர்ந்தார்.

ஒரே ஒரு வித்தியாசம். அவருக்குக் கண் பார்வை பலவீனம். கொஞ்ச நேரம் படித்தாலே கண் எரியும். தலை விண்ணென்று வலிக்கும். ஆனால், கையால் எதையாவது பிரித்துப் பார்ப்பது என்றால் அவருக்கு அலுக்கவே அலுக்காது.

பக்கத்து வயலில் கோதுமை அறுத்துக் கொடுத்து, முதல் முதலாகச் சம்பாதித்த பணத்தில் அவர் என்ன வாங்கினார் தெரியுமா? மிட்டாயோ, புதுச் சட்டையோ அல்ல. தபால் மூலம் ஒரு டெலிபோன் வரவழைத்தார்! பேசுவதற்காக அல்ல, பிரித்துப் பார்ப்பதற்காக! குரல் எப்படிக் கம்பி வழியாகப் போகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை அவருக்கு.

பள்ளிப் படிப்பு முடிந்ததும், ஒரே அறை கொண்ட கிராமத்துப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தபடியே, தன் மேல்படிப்புக்கும் வழி தேடினார்.

கம்பம் நட்ட மாணவர்

ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். ஆசை ஆசையாகப் போனவருக்கு அங்கே பெரிய அடி காத்திருந்தது. பாடப் புத்தகங்களையும், நுணுக்கமான படங்களையும் பார்த்துப் பார்த்துக் கண் வலி அதிகமானது. தாங்க முடியாமல் படிப்பை நிறுத்திவிட்டு ஊர் திரும்பினார்.

பொறியாளர் ஆகும் கனவு போனது என்று அவர் மூலையில் உட்காரவில்லை. டெலிபோன் நிறுவனம் ஒன்றில் கம்பம் நட்டுக் கம்பி இழுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். வெயிலிலும் பனியிலும் குழி தோண்டுவது, கம்பம் தூக்குவது, அறுந்த கம்பியை இணைப்பது... உடம்புக்கு நல்ல வேலை. சிறிது காலத்தில் அந்தக் குழுவுக்கே மேற்பார்வையாளர் ஆனார்.

அந்த வேலைதான் அவருக்கு ஒரு பெரிய பாடம் சொல்லிக் கொடுத்தது. டெலிபோன் பேசவில்லை என்றால், கோளாறு எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இந்த வீட்டுக் கருவியிலா, நடுவழிக் கம்பியிலா, அந்தப் பக்கத்து அலுவலகத்திலா? உட்கார்ந்த இடத்தில் ஊகம் செய்தால் பயன் இல்லை. ஒரு முனையில் ஆரம்பித்து, ஒவ்வோர் இடமாகச் சோதித்துக்கொண்டே போக வேண்டும். எங்கே வரை சரியாக இருக்கிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தால் கோளாறு தானாகப் பிடிபடும். வாழ்நாள் முழுவதும் கெட்டரிங் இந்த வழியை விடவே இல்லை.

வெளிக்காற்றில் வேலை செய்ததில் கண்ணும் ஓரளவு தேறியது. மீண்டும் கல்லூரிக்குப் போனார். இந்த முறை நண்பர்கள் உதவினார்கள். அவர்கள் பாடங்களை உரக்கப் படிக்க, இவர் கண்ணை மூடிக் கேட்டு மனதில் பதிய வைத்துக்கொண்டார். 1904-ஆம் ஆண்டு மின் பொறியியலில் பட்டம் பெற்றபோது, அவருக்கு 28 வயது ஆகப் போகிறது. உடன் படித்தவர்களை விட வயதில் மூத்தவர். அதனால் என்ன? கற்றது வீணாகவில்லையே!

கல்லாப்பெட்டிக்குள் ஒரு மோட்டார்

ஒஹையோவில் டேட்டன் என்ற நகரம் உண்டு. விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் வாழ்ந்த அதே ஊர்தான். அங்கே நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் என்ற நிறுவனத்தில் கெட்டரிங்கிற்கு வேலை கிடைத்தது. கடைகளில் பணம் வாங்கிப் போடும் கல்லாப்பெட்டி இயந்திரங்களைச் செய்யும் நிறுவனம் அது.

அந்த இயந்திரங்களில் ஒரு பிடியைக் கையால் சுற்ற வேண்டும். அப்போதுதான் கணக்குப் பதிவாகி, பணப்பெட்டி திறக்கும். நாள் முழுவதும் சுற்றினால் கடைக்காரரின் கை என்ன ஆகும்? இதை மின்சாரத்தால் இயக்க முடியுமா என்று நிறுவனம் கேட்டது.

ஒரு பெரிய மோட்டார் வைத்தால் வேலை முடிந்துவிடும். ஆனால், அதை மேசை மேல் எங்கே வைப்பது? கெட்டரிங் வேறு மாதிரி யோசித்தார். இந்த மோட்டார் நாள் முழுவதும் ஓடப் போவதில்லை. ஒரு தடவைக்கு ஓரிரு விநாடி ஓடினால் போதும். அதன் பிறகு ஓய்வுதான். அப்படியானால், சின்ன மோட்டாருக்கே ஒரு நொடிக்கு அதிக மின்சாரம் கொடுத்து, பெரிய வேலை வாங்கலாமே! நாள் முழுவதும் அப்படி ஓட்டினால் சூடாகிக் கருகிவிடும். ஓரிரு விநாடி என்றால் தாங்கும்.

நூறு மீட்டர் ஓட்டப் பந்தய வீரரை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வேகத்தில் அவரால் பத்து கிலோ மீட்டர் ஓட முடியாது. ஆனால், நூறு மீட்டருக்கு அந்த வேகம் போதுமே! அப்படித்தான் மின்சாரக் கல்லாப்பெட்டி பிறந்தது.

பரணில் நடந்த ஆராய்ச்சி

அதே நிறுவனத்தில் எட்வர்டு டீட்ஸ் என்ற அதிகாரி இருந்தார். கார் பைத்தியம் பிடித்தவர். இனிமேல் எதிர்காலம் காருக்குத்தான் என்று அவர் நம்பினார். கெட்டரிங்கைத் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த களஞ்சியக் கொட்டகைக்கு அழைத்தார். பகலில் நிறுவன வேலை. மாலையிலும், விடுமுறை நாளிலும் கொட்டகையில் ஆராய்ச்சி! நிறுவனத்து நண்பர்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். கொட்டகைக் கூட்டம் என்றே அவர்களுக்குப் பெயர் வந்தது.

அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டது தீப்பொறிப் பிரச்சினை. பெட்ரோல் இன்ஜினுக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நிரம்பும். சரியான நொடியில் அங்கே ஒரு தீப்பொறி விழ வேண்டும். அப்போது அது எரிந்து விரிந்து, பிஸ்டனைத் தள்ளும். தீப்பொறி முந்தினாலும் கெடுதல், பிந்தினாலும் கெடுதல். அந்தக் காலத்துக் கார்களில் தீப்பொறி சரியாக விழாமல், நடுவழியில் இன்ஜின் நின்று போவது சகஜம்.

பேட்டரியில் இருப்பதோ சில வோல்ட். தீப்பொறி குதிக்கவோ பல ஆயிரம் வோல்ட் வேண்டும். இதற்கு கெட்டரிங் கம்பிச் சுருளைப் பயன்படுத்தினார். குழாயில் வேகமாக வரும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால், குழாய் திடும் என்று அதிரும் அல்லவா? அதைப் போல, சுருளில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று துண்டித்தால், ஒரு கணம் மிக அதிக மின்னழுத்தம் எழும். அந்தக் கணத்தில் தீப்பொறி பளிச்சென்று குதிக்கும்!

கேடிலாக் கார் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லேலண்டுக்கு இது பிடித்துப் போனது. ஆயிரக்கணக்கில் வேண்டும் என்று கேட்டார். கெட்டரிங் துணிந்து சம்பள வேலையை விட்டார். 1909-இல் டீட்ஸும் அவரும் சேர்ந்து டேட்டன் இன்ஜினியரிங் லேபரட்டரீஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள். அதன் சுருக்கம்தான் டெல்கோ!

கை உடைத்த கைப்பிடி

குட்டீஸ், அந்தக் காலத்தில் காரைக் கிளப்புவது எப்படி தெரியுமா? காரின் மூக்கில் ஒரு துளை இருக்கும். வளைந்த இரும்புக் கைப்பிடியை அதில் மாட்டி, முழு பலத்தோடு சுற்ற வேண்டும். இதை ஹேண்டில் போடுவது என்பார்கள். மழை பெய்தாலும், சேறாக இருந்தாலும், இறங்கி நின்று சுற்றித்தான் ஆக வேண்டும்.

கஷ்டம் மட்டும் அல்ல, ஆபத்தும் கூட! நீங்கள் ஒரு பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும்போது, பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே தீப்பொறி விழுந்துவிட்டால் என்ன ஆகும்? பிஸ்டன் எதிர்ப் பக்கம் தள்ளப்படும். கைப்பிடி பின்னோக்கிப் படாரென்று அடிக்கும். மணிக்கட்டு முறிந்தவர்கள், தாடை உடைந்தவர்கள் ஏராளம். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் பிடிக்க வேண்டும் என்று ஓட்டுநர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். பெருவிரலைச் சுற்றிப் பிடித்தால், அது போயே போச்சு!

லேலண்டின் நண்பர் ஒருவர், வழியில் நின்றுபோன ஒரு காருக்கு ஹேண்டில் போட்டு உதவப் போய், அடிபட்டு இறந்தார் என்று ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கதையின் விவரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று வரலாற்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனால், ஹேண்டிலால் பலர் அடிபட்டது உண்மை. தன் கார்களால் மனிதர்களுக்குக் காயம் ஏற்படக்கூடாது என்று லேலண்ட் விரும்பினார். கெட்டரிங்கைக் கூப்பிட்டு, இந்தக் கைப்பிடியை ஒழிக்க வழி கேட்டார்.

முடியாது என்றார்கள்

மின்சார மோட்டாரால் இன்ஜினைச் சுற்றலாம் என்ற எண்ணம் பலருக்கு ஏற்கெனவே இருந்தது. ஆனால், விவரம் தெரிந்த பொறியாளர்கள் அது நடக்காது என்று தள்ளிவிட்டார்கள். அவ்வளவு பலமான மோட்டார், கார் இன்ஜின் அளவுக்குப் பெரிதாக இருக்கும். அதற்கு வேண்டிய பேட்டரியைச் சுமக்க இன்னொரு வண்டி வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

அவர்கள் கணக்கில் தப்பில்லை. நாள் முழுவதும் சுற்றும் மோட்டாருக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால், இன்ஜினைக் கிளப்ப எவ்வளவு நேரம் சுற்ற வேண்டும்? சில விநாடிதானே! கெட்டரிங்கிற்குக் கல்லாப்பெட்டி நினைவுக்கு வந்தது. அங்கே பெட்டியைத் திறந்த சின்ன மோட்டார், இங்கே இன்ஜினையும் சுற்றும்!

அதோடு நிற்கவில்லை அவர். ஒவ்வொரு தடவையும் மோட்டார் சுற்றினால் பேட்டரி காலியாகிவிடுமே! அதற்கும் ஒரு யோசனை செய்தார். இன்ஜின் ஓட ஆரம்பித்த பிறகு, அதே மோட்டாரை இன்ஜின் திருப்பிச் சுற்றட்டும். மோட்டாரைச் சுற்றினால் அது மின்சாரம் தரும் ஜெனரேட்டர் ஆகிவிடும். அந்த மின்சாரம் பேட்டரியை நிரப்பும், தீப்பொறிக்கு உதவும், விளக்குகளையும் எரிய வைக்கும். கடன் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது போலத்தான்!

டெல்கோ குழு இரவு பகலாக உழைத்தது. 1911-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கைப்பிடி இல்லாமலே கிளம்பும் கேடிலாக் கார் தயாரானது. 1912-ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் கார்கள், மின்சார ஸ்டார்ட்டரும் மின் விளக்குகளுமாகவே விற்பனைக்கு வந்தன. இதற்காகப் பிரிட்டனின் புகழ்பெற்ற டூவார் கோப்பை கேடிலாக் நிறுவனத்துக்குக் கிடைத்தது.

இதன் பலன் என்ன தெரியுமா? அதுவரை, பலசாலிகளே பெட்ரோல் காரைக் கிளப்ப முடியும் என்ற நிலை இருந்தது. இனி பெண்களும், முதியவர்களும் தாங்களே காரைக் கிளப்பி ஓட்டலாம். அந்தக் காலத்திலும் பேட்டரியில் ஓடும் மின்சாரக் கார்கள் உண்டு. ஹேண்டில் போட வேண்டாம் என்பதால் பலர் அவற்றை விரும்பினார்கள். பெட்ரோல் காருக்கும் ஸ்டார்ட்டர் வந்ததும், அந்த மின்சாரக் கார்கள் மெல்ல மெல்ல மறைந்தன.

பழி யார் மேல்?

சில ஆண்டுகளில் புதுத் தலைவலி ஒன்று முளைத்தது. மேடேறும்போது இன்ஜினுக்குள் டிங்... டிங்... என்று தட்டுவது போலச் சத்தம் கேட்டது. இன்ஜினும் சேதமானது. கெட்டரிங்கின் பேட்டரித் தீப்பொறிதான் காரணம் என்று போட்டியாளர்கள் பழி போட்டார்கள்.

இல்லை என்று வாதாடி நேரத்தை வீணாக்கவில்லை கெட்டரிங். டெலிபோன் கம்பியில் கோளாறு தேடியதைப் போலத் தேடச் சொன்னார். தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் பொறியாளர் அந்த வேலையில் இறங்கினார். தீப்பொறி சரியாகவே இருந்தது. எரிபொருள் எரியும் விதத்தில்தான் கோளாறு என்று தெரிந்தது.

அடுத்து நடந்தது வேடிக்கை! பனிக்காலம் முடியும் முன்பே பூக்கும் ஒரு செடியின் இலை, அடிப்பக்கம் சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு நிறம் வெப்பத்தை இழுப்பதால்தான் செடி சீக்கிரம் பூக்கிறதோ என்று அவர்கள் நினைத்தார்கள். எரிபொருளையும் சிவப்பாக்கிப் பார்க்கலாம் என்றால், கையில் சாயம் இல்லை. அயோடின்தான் இருந்தது. அதைக் கலந்தார்கள். சத்தம் நின்றது!

உடனே துள்ளிக் குதித்து, நிறம்தான் காரணம் என்று முடிவு கட்டவில்லை அவர்கள். உண்மையான சிவப்புச் சாயங்களையும் கலந்து பார்த்தார்கள். சத்தம் நிற்கவில்லை. நிறமில்லாத அயோடின் பொருளைக் கலந்தார்கள். சத்தம் நின்றது. ஆக, நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! தப்பான யோசனையில் சரியான விடை கிடைத்தாலும், அதைச் சோதித்துப் பார்க்காமல் விடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா?

தீர்வே தீங்கானது

இனிமேல் சொல்லப் போவது சந்தோஷமான செய்தி அல்ல. ஆனாலும், பெரியவர்களின் வாழ்க்கையைப் படிக்கும்போது இதையும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

அயோடின் விலை அதிகம், இன்ஜினையும் அரித்தது. ஆண்டுக்கணக்கில் தேடிய மிட்ஜ்லி குழு, 1921-ஆம் ஆண்டு டிசம்பரில் ஈயம் கலந்த ஒரு பொருளைக் கண்டுபிடித்தது. பெட்ரோலில் துளி கலந்தாலே போதும். சத்தம் போயே போய்விடும். 1923-இல் அது விற்பனைக்கு வந்தது.

ஈயம் விஷம் என்பது அப்போதே தெரிந்த விஷயம்தான். மருத்துவர்கள் சிலர் எச்சரித்தார்கள். 1924-இல், நியூஜெர்சியில் இந்தப் பொருளைத் தயாரித்த ஆலை ஒன்றில் 5 தொழிலாளர்கள் ஈய விஷத்தால் இறந்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிறிது காலம் விற்பனை நிறுத்தப்பட்டது. பிறகு மீண்டும் தொடர்ந்தது. கெட்டரிங்கும் அதை ஆதரித்தே நின்றார். உலகம் முழுவதும் கார்ப் புகையோடு ஈயமும் காற்றில் கலந்தது. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது என்று பின்னாளில் உறுதியானது.

இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு முதல் ஈயம் இல்லாத பெட்ரோல்தான் விற்கப்படுகிறது. கடைசியாக 2021-இல் அல்ஜீரியா நாடும் கார்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் விற்பதை நிறுத்தியது. ஒரு சத்தத்தை நிறுத்த எடுத்த முடிவு, உலகைச் சுமார் நூறு ஆண்டுகள் வாட்டியது! இன்ஜினுக்கு நல்லதா என்று பார்த்தவர்கள், அதே கவனத்தோடு மனிதர்களுக்கு நல்லதா என்றும் பார்த்திருக்க வேண்டும், இல்லையா?

தோல்வியும் உண்டு

இதற்கிடையே டெல்கோ, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு இணைந்தது. 1920 முதல் 1947 வரை, 27 ஆண்டுகள் அதன் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார் கெட்டரிங். வேகமாகக் காயும் கார் பெயின்ட், ரயிலை இழுக்கும் டீசல் இன்ஜின் என்று பல வேலைகள் அங்கே நடந்தன.

எல்லாம் வெற்றி என்று நினைக்காதீர்கள். தண்ணீருக்குப் பதிலாக, செம்புத் தகடுகளும் காற்றும் கொண்டு குளிர்விக்கும் ஓர் இன்ஜினை அவர் மிகவும் நம்பினார். 1923-இல் செவர்லே கார்களில் வைத்து விற்றார்கள். வெயிலில் இன்ஜின் கொதித்தது. கோளாறுகள் வரிசையாக வந்தன. விற்ற கார்களை நிறுவனமே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மனம் உடைந்த கெட்டரிங் வேலையை விட்டு விலகுவதாகக் கடிதம் கொடுத்தார். நிறுவனத் தலைவர் ஆல்பிரட் ஸ்லோன் அவரை விடவில்லை. பழைய தோல்வியை விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வைத்தார்.

பின்னாளில், 1945-இல், அந்த ஸ்லோனும் கெட்டரிங்கும் சேர்ந்து நியூயார்க் நகரில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் அமைய உதவினார்கள். இன்று உலகப் புகழ் பெற்ற அந்த மருத்துவமனையின் பெயரிலேயே இருவர் பெயரும் இருக்கின்றன. புல் ஏன் பச்சையாக இருக்கிறது, செடிகள் சூரிய ஒளியை எப்படி உணவாக்குகின்றன என்று ஆராயவும் கெட்டரிங் பணம் கொடுத்தார்.

180-க்கும் மேற்பட்ட காப்புரிமைகளுக்குச் சொந்தக்காரரான கெட்டரிங், 1958-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் தேதி, தன் 82-வது வயதில் காலமானார். டேட்டன் அருகே ஒரு நகரமே கெட்டரிங் என்ற பெயரில் இருக்கிறது.

இன்றைய காரில் கெட்டரிங்

இன்று சாவி இல்லாமல் கிளம்பும் பெட்ரோல் காரிலும், பொத்தானுக்குப் பின்னால் சுற்றுவது அவருடைய யோசனையில் பிறந்த ஸ்டார்ட்டர் மோட்டார்தான். முன்னால் ஒரு காவலாளி மட்டும் புதிதாக வந்திருக்கிறார். பொத்தானை அழுத்தியதும், கார் ரேடியோ அலையில், சாவி உள்ளே இருக்கிறதா என்று கேட்கும். சாவி தன் ரகசிய எண்ணைப் பதிலாக அனுப்பும். எண் சரியாக இருந்தால்தான் மோட்டாருக்கு மின்சாரம் போகும்.

கார் கிளம்பாதபோது மெக்கானிக் எப்படி யோசிக்கிறார் என்று பாருங்கள்.

* எந்த விளக்கும் எரியவில்லையா? பேட்டரி முழுக்கக் காலியாகியிருக்கலாம். அல்லது பேட்டரி முனையில் ஒயர் தளர்ந்தோ, வெள்ளையாகப் பூத்தோ இருக்கலாம்.

* விளக்கு மங்கி, டக்... டக்... சத்தம் மட்டும் வருகிறதா? பெரும்பாலும் பேட்டரியில் பலம் குறைவு.

* விளக்கு பளிச்சென்று எரிந்தும் மோட்டார் சுற்றவில்லையா? பிரேக்கைச் சரியாக மிதிக்கவில்லையோ, அல்லது ஸ்டார்ட்டரிலோ அதன் இணைப்பிலோ கோளாறோ என்று பார்க்க வேண்டும்.

* மோட்டார் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பற்றிக்கொள்ளவில்லையா? பெட்ரோல் வருகிறதா, தீப்பொறி விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

* சாவியைக் காணோம் என்று கார் சொல்கிறதா? சாவிக்குள் இருக்கும் காசு போன்ற சின்ன பேட்டரி தீர்ந்திருக்கலாம். பல கார்களில், அந்தச் சாவியைப் பொத்தானை ஒட்டிப் பிடித்தாலே கார் அதைக் கண்டுகொள்ளும். எங்கே பிடிக்க வேண்டும் என்பது காரோடு தரும் கையேட்டில் இருக்கும்.

ஒரு முனையில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக... டெலிபோன் கம்பம் நட்ட கெட்டரிங்கின் அதே வழிதான் இது!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். கெட்டரிங்கின் ஸ்டார்ட்டர் வந்ததால் மறைந்த மின்சாரக் கார்கள், இப்போது மீண்டும் தெருவுக்கு வந்துவிட்டன. அவற்றில் ஸ்டார்ட்டர் மோட்டாரே தேவையில்லை. ஆனாலும், பெரும்பாலான மின்சாரக் கார்களில் பெரிய பேட்டரியோடு, பழைய மாதிரி 12 வோல்ட் சின்ன பேட்டரியும் இருக்கிறது. அது தீர்ந்துபோனால், பெரிய பேட்டரி நிறைய மின்சாரம் இருந்தும் கார் கண் விழிக்காது!

நீங்களும் செய்து பாருங்கள்

கார் பேட்டரியையும், பானெட்டுக்குள் இருக்கும் ஒயர்களையும் நீங்கள் தொடவே கூடாது. அது பெரியவர்கள் வேலை. காரின் பொத்தானையும் விளையாட்டுக்கு அழுத்தாதீர்கள். காசு போன்ற பேட்டரியைத் தம்பி, தங்கைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆனால், வீட்டில் எரியாத டார்ச் லைட் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். பேட்டரியை மட்டும் மாற்றிப் பாருங்கள். எரியவில்லையா? பேட்டரி திசை சரியா என்று பாருங்கள். அதுவும் சரியா? உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பல்பு, பிறகு சுவிட்ச். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், டார்ச் எரியும்; எது கெட்டிருந்தது என்பது மட்டும் தெரியாமலே போய்விடும்.

கோளாறு கண்டுபிடித்ததும், சரி செய்த பிறகு, இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் செய்த இந்த மாற்றத்தால் வேறு எங்காவது, வேறு யாருக்காவது கெடுதல் வருமா? கெட்டரிங் ஒரு முறை சரியாகக் கேட்கத் தவறிய கேள்வி அது. நீங்கள் தவறாமல் கேளுங்கள் குட்டீஸ்!